கரைக்கு நாலு ஜாக்

ஜவ்ஸியின் சீட்டுக்கட்டில்
இருபத்து நாலை உருவிச் சதுரமாய் வெட்டினேன்.
மூலைக்கொரு துளை, துளைக்கொரு நூல்.
பிளாஸ்டிக் பூசிய சீட்டு, லேசில் கிழியாது.
முந்நூற்றி நாலில் பெரியது ஜாக்,
அடுத்தது ஒன்பது.
அதனால் இடக் கரைக்கு ஜாக் நாலும்
வலக் கரைக்கு ஒன்பது நாலும் வைத்தேன்.
நடுவுக்குக் கையில் வந்ததெல்லாம்.

தறி கிடையாது எனக்கு.
பாவின் ஒரு நுனி ஜன்னல் கம்பியில்,
மறுநுனி என் இடுப்பில்.
பின்னுக்குச் சாய்ந்தால் இறுகும்,
இருமினால் தளரும்.
நூல், மருதமுனைத் தறிகளில் சாரனுக்குப் போக
மிஞ்சியது. நிறுத்து வாங்கினேன்:
கறுப்பு, பச்சை, பெயர் தெரியாத ஒரு சாம்பல்.

ஞானப்பூ களுவாஞ்சிக்குடிச் சந்தியில்
லொத்தர் விற்கிறவ.
வலது முழங்காலுக்குக் கீழே பொய்க்கால்.
அதைத் தொடையோடு சேர்க்கும் பட்டி
போன மாதம் நான் நெய்து கொடுத்தது.
வெள்ளி பின்னேரம் போனில் சொன்னா:
"பட்டி நல்லம் புள்ள.
கரைதான் வெட்டுது."

எங்கள் ஊரில் கரை என்று சொன்னால்
எல்லாரும் கிழக்கே திரும்புவார்கள்.
நான் சொல்லும் கரை
இரண்டு நூல் அகலம்.
ஊடை போய் முட்டி, முறிந்து,
திரும்பி வருகிற இடம்.
அந்த முறிவுதான்
அவவின் தொடையில் கோடு போடுகிறது.

ஆகவே புது விதி ஒன்று:
கரைக்குள் ஊடை
வெளியிலிருந்து நுழையலாம்,
கரை வழியாக வெளியேறக் கூடாது.
எதிர்க் கரைக்கு முன்னமே கீழே இறங்கி
அடியால் சுற்றி
மறுபடி வெளிப்பக்கத்திலிருந்து வரவேண்டும்,
குசினியால் கலைத்த பூனை
முன்வாசலால் வருவது போல.
பிறகு இழு.
நாலு சீட்டின் நூலும் சேர்ந்து
உருண்டு ஒரு குழாயாகும்.
ஆக வேண்டும்.

ஆகவில்லை.
முதல் முழத்தில் பட்டியே சுருண்டது,
வெயிலில் போட்ட வாழையிலை.
சீட்டுகளைப் பின்னோக்கிச் சுழற்றி
ஒவ்வொரு ஊடையாக உருவினேன்.
அவிழ்ப்பதற்கும் அதே எண்ணிக்கைதான்,
நெய்ததை விட அலுப்பு.

இரண்டாம் முறை நடுவில் கரண்ட் போனது.
பக்கத்து வீட்டுத் தறி நிற்கவில்லை,
டக், டக்கென்று அதன் பாட்டுக்கு.
இருட்டில் விரல்தான் பார்த்தது:
இழுக்கும் கணத்தில் ஒரு சின்ன வழுக்கல்,
இன்னும் கொஞ்சம் என்று கை கேட்கும்,
அப்போது விட்டுவிட வேண்டும்.
நான் இத்தனை நாளும்
கை கேட்டதையெல்லாம் கொடுத்திருக்கிறேன்.

வெளிச்சம் வந்ததும் பார்த்தேன்.
ஜாக் பக்கம்
ஈர்க்குப் போல உருண்டு கிடந்தது.
ஒன்பதின் பக்கம் மூன்று இடத்தில் புடைப்பு.
சுழற்சியைத் திருப்பிய இடத்தில்
அரிசி நுழையும் அளவு ஓட்டை.

கதவைச் சாத்திவிட்டு
என் தொடையின் உட்புறத்தில் சுற்றி
அறைக்குள் பத்துத் தரம் நடந்தேன்.
வெட்டவில்லை.
ஆனால் தழும்பில்லாத தோல்
பொய் சொல்லும்.
அது அவவிடம் போய்த்தான் சொல்ல வேண்டும்.

நாளைக்கு முதல் பஸ்.
புடைப்பைப் பிரிக்கவில்லை,
அவவே தொட்டு ஏசட்டும்.
எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று
கேட்க மறந்திருக்கிறேன் போன தடவை.
இந்த முறை முதல் கேள்வி அதுதான்.

முற்றத்தில் ஜவ்ஸியின் கூட்டாளிகள்
பாய் விரித்தாயிற்று.
"லாத்தா, ஜாக்கு ஒண்டையும் காணல்லியே?"
பாவில் இன்னும் இரண்டு முழம் மிச்சம்.
"ஆஸை வைச்சு ஆடுங்க" என்றேன்,
சீட்டுகளை ஒரு கால் சுற்று
முன்னுக்குத் தள்ளியபடி.